மூன்று கட்டைவிரல்கள்

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. இரும்புலியூரில் எங்கள் வீட்டில் மாமனார், மாமியார், கணவர், நான், யு.கே.ஜி. படிக்கும் மகள் என ஐந்து பேர். "பெரியவங்க நாலு பேர் இருக்கோம், பிள்ளைக்கு என்ன குறை?" என்று அலுவலகத்தில் அளந்து விட்டுக்கொண்டிருப்பேன்.

அன்று மழை வலுத்ததால் பன்னிரண்டு மணிக்கே பள்ளி விடுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அதை அப்படியே குடும்ப குரூப்பில் போட்டேன். மூன்று பேரும் உடனே கட்டைவிரலை உயர்த்தினார்கள். யாரோ கிளம்பிவிட்டார்கள் என்று நிம்மதியாக மீட்டிங்கில் போய் உட்கார்ந்தேன்.

ஒரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன். "மேடம், உங்க பொண்ணு மட்டும்தான் இன்னும் இருக்கா."

மூவருக்கும் போன் செய்தபோதுதான் கதை தெரிந்தது. பல்லாவரம் சந்தைக்குப் போயிருந்த மாமனார், செய்தியைப் பார்த்துவிட்டேன் என்பதற்காக விரல் காட்டியிருக்கிறார். அவர் வரும் வழியில் அழைத்து வருவார் என்று மாமியார். அப்பாவும் அம்மாவும் இருக்கும்போது நமக்கென்ன என்று கணவர். மூவருமே "இதோ நான் போறேன்" என்றார்கள். இனி யாரையும் நம்புவதாக இல்லை என்று நானும் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அழுதேன்.

பள்ளி கேட்டில் நாலு பேரும் சேர்ந்தாற்போல் வந்து நின்றோம். மாமியார் தெருத் தண்ணீரில் நடந்தே வந்திருந்தார். மாமனார் கையில் சந்தையில் வாங்கிய ரோஜாச் செடி. "முப்பது வருஷம் டீச்சரா இருந்தேன். ஊரார் பிள்ளைங்கள எல்லாம் பத்திரமா அனுப்பிட்டு, சொந்தப் பேத்திய விட்டுட்டேனே!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

உள்ளே மகள், ஆயாம்மாவின் டப்பாவில் இருந்த எலுமிச்சைச் சாதத்தை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயாம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு கொயந்தைய இட்டுகினு போவ நாலு பேரா? முன்னாடியே ஒருத்தர் வந்திருந்தா இன்னாவாம்?"

மகளோ துள்ளிக் குதித்தாள். "ஹை, எல்லாரும் வந்துட்டீங்க! இன்னைக்கு என்ன ஃபங்ஷன்?" அவ்வளவுதான், அழுதுகொண்டிருந்த மாமியாரே சிரித்துவிட்டார். ரோஜாச் செடியோடு ஐந்து பேரும் ஒரே ஆட்டோவில் நெருக்கியடித்து வீடு வந்தோம்.

இப்போதெல்லாம் குரூப்பில் "நான் போறேன்" என்று யாராவது எழுதும்வரை விட மாட்டேன். மகளோ, தன்னைக் கூப்பிட வீடே திரண்டு வந்ததை வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறாள். அதைக் கேட்கும்போது வெட்கத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. ஆனாலும், இவளுக்காக ஓடி வர இத்தனை பேர் இருக்கிறோமே என்று மனசு நிறைந்துபோகும்.