பூட்டிய மண்டபம்

கொத்தடிமை ஒழிப்பு தினத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில், வாங்கிய முன்பணத்துக்காக அப்பாவோடு வருஷக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவள் அவள். நான் பிறந்ததும் அங்கேதான். அதிகாரிகள் எங்களை மீட்டபின், நாங்கள் எண்ணூருக்குக் குடிவந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக் கதவுக்குப் பகலில் தாழ் கிடையாது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் சோற்றில் விழுந்தாலும் சாத்த விடமாட்டாள். இதற்காக நாங்கள் சண்டை போடாத நாள் இல்லை.

இந்த வருஷம் விழா திருவொற்றியூரில், ஒரு கல்யாண மண்டபத்தில். மீட்கப்பட்டவர்கள் சார்பில் அம்மாவுக்குப் பொன்னாடை, முன்வரிசையில் நாற்காலி. எனக்குப் பெருமைதான், பொய் சொல்வானேன். அவள் மேடையேறுவதைப் படம் பிடிக்க செல்போனைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

தலைமை விருந்தினர் வந்தபாடில்லை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டாராம். போன வருஷம் பிரியாணிப் பொட்டலம் கைக்கு வந்ததும் கூட்டம் கம்பி நீட்டிவிட்டதால், இந்த முறை வாசல் கிரில் கதவைப் பூட்டியிருந்தார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டாள். உட்காருவாள், எழுவாள், வாசலைத் திரும்பிப் பார்ப்பாள். அவளைப் பார்த்து எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

"இன்னாமா உனக்கு? சும்மா குந்து" என்று கடிந்துகொண்டேன். காதில் வாங்காமல் வாசலுக்குப் போனாள். பின்னாலேயே ஓடினேன்.

"ஐயா வர்ற வரைக்கும் யாரும் வெளிய போகக்கூடாதும்மா" என்றார் வாசலில் நின்ற அலுவலர்.

"எங்க மொதலாளியும் இத்தான் சொல்வாரு" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.

நான் அவளைச் சமாதானப்படுத்துவேன் என்று நினைத்தாரோ என்னவோ, அலுவலர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு வந்ததோ ஆத்திரம்.

"தொற சார் கதவ!" என்று கத்தினேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. திறந்தார்.

அம்மா ரோட்டைத் தாண்டி டீக்கடை வரைக்கும் போனாள். டீ குடிக்கவில்லை. வரிசையாக நின்ற லாரிகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்து அதே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்டி எங்கதான் போவணும் உனக்கு?" என்றேன்.

"எங்கியும் போவ வாணாம்டி. போவ முடியுதானு பாத்தேன்."