அவர் வரும் நாளும் அவசர மாத்திரையும்

என் கணவர் லாரி டிரைவர். திண்டிவனத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மாதத்தில் இரண்டு மூன்று முறைதான் வருவார். எப்போதோ வருகிறவருக்காகத் தினமும் மாத்திரை எதற்கு என்று நினைத்தேன். “விழுப்புரம் தாண்டிட்டேன்” என்று அவர் போன் செய்ததும் மருந்துக்கடைக்கு ஓடி, அவசர கருத்தடை மாத்திரை வாங்கி வைத்துக்கொள்வேன். அதுவே பழக்கமாகிவிட்டது.

ஒருமுறை மாதவிலக்கு தள்ளிப்போனது. மகளுக்கு அப்போதுதான் பல் முளைத்திருந்தது. பயந்துபோய் விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். நல்லவேளை, கரு இல்லை.

“எப்பவாவது ஆபத்துக்குப் போடுற மாத்திரைம்மா இது. இதையே நம்பி இருந்தா ஒருநாள் கைவிட்டுடும்” என்றவர், மற்ற வழிகளைப் பொறுமையாக விளக்கினார். நான் காப்பர்-டி போதும் என்றேன்.

அங்கிருந்தே கணவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். “அவசரப்படாத. நான் வந்து பேசிக்கலாம்” என்றார்.

“நீங்க வந்து பேசிக்கினு இருக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடும். நான் போட்டுக்கினுதான் வீட்டுக்குப் போறேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்படியே செய்தேன்.

இப்போதும் விழுப்புரம் தாண்டியதும் போன் செய்கிறார். நான் நேராக மீன் கடைக்குப் போகிறேன்.