இரண்டு பஸ் தூரம்

ரயிலம்மாவை முதலில் ஒரு நோயாளியின் மனைவியாகத்தான் எனக்குத் தெரியும். பக்கவாதம் வந்தவர்களையும் படுக்கையை விட்டு எழ முடியாதவர்களையும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் எங்களுடையது. மாடியில் ஆண்கள் பகுதிக்கு நான் பொறுப்பு. மொத்தம் பதினெட்டுக் கட்டில், அதில் ஜன்னலோரத்து ஏழாவது அவள் கணவருடையது.

அவர் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஆள் நல்ல கனம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சில் "சரி", "வேண்டாம்", "போலாம்" என்று மூன்றே மூன்று சொல் மிச்சம். அந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எவ்வளவு சண்டை போடலாம் என்பதை அவரிடம்தான் பார்த்தேன். புரட்டிப் போடவே இரண்டு பேர் வேண்டும். வேலைக்குப் போகும் ஒருத்தி தனியாக வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடிய கேஸ் இல்லை. பிள்ளைகளும் இல்லை.

அவளுக்கு நகரத் திட்ட அலுவலகத்தில் வேலை. அப்போது எங்கள் ஊர் பக்கவாட்டில் வீங்கிக்கொண்டிருந்தது. நேற்று வெறும் பொட்டலாகக் கிடந்த இடத்தில் இன்று நாலு மாடி நிற்கும். பஸ் போதவில்லை என்று சாலையோரமாகவே ஓடும் இலகு ரயில் விட முடிவு செய்தார்கள். இரண்டு பெட்டி, அடிக்கடி நிறுத்தம். கோடு எந்தத் தெருவில் போகும், எங்கே நிற்கும் என்று வரைகிற நாலைந்து பேரில் அவள் ஒருத்தி. பெயரைக் கேட்டு ஞாபகம் வைத்துக்கொள்ள எங்களுக்கு ஏது நேரம்? ரயிலம்மா என்று வைத்துவிட்டோம்.

இருவரும் சந்தித்ததே ஒரு எண்ணிக்கையில்தான். அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று குறிக்க நோட்டும் பென்சிலுமாக அவர் பஸ்ஸில் ஏறினாள். அலுவலகம் கேட்டது ஒரு வாரக் கணக்கு. அவள் நாலு மாசம் எண்ணினாள்.

"கடைசி நிறுத்தத்துல எல்லாரும் இறங்கிடுவாங்க, நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். 'இன்னும் எண்ணி முடியலையா? இன்னொரு ரவுண்டு போலாமா?'ன்னு கண்ணாடில பார்த்துக் கேட்பார்க்கா" என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் ரயில் பிரிவுக்கு மாறியபோது, "என் பஸ்ஸுக்கு உலை வைக்கத்தான் என்னைக் கட்டிக்கிட்டியா?" என்று கேட்டாராம். வாய் நன்றாக இருந்த காலத்தில் பேச்சுக்குக் குறைவில்லாத மனிதர் என்று அவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவாள். ஊரின் அந்தக் கோடியில் வீடு, இந்தக் கோடியில் இல்லம். இரண்டு பஸ் மாறி, மெயின் ரோட்டில் இறங்கி, கால்வாய்க் கரையோரமாகக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். பதினொரு மணிக்கு வந்து முகம் மழிப்பாள், சாப்பாட்டை மசித்து ஊட்டுவாள், கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பாள். நாலு மணிக்குப் பையை எடுத்தால் அவர் "போலாம்" என்பார். தானும் வீட்டுக்கு வருவதாகத்தான். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்குவாள். ஏழெட்டுப் படி இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுவாள்.

ஒருநாள் சொல்லிவிட்டேன்: "அழணும்னா கீழ பெஞ்சுல உட்கார்ந்து அழும்மா. படியில நின்னு அழுதா கால் தவறும். அப்புறம் உனக்கும் ஒரு கட்டில் போடணும்."

அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு அக்கா.

வரும்போது வரைபடங்களைச் சுருட்டி எடுத்துவருவாள். சாப்பாட்டுத் தட்டு வைக்கிற பலகையில் விரித்து அவருக்குக் காட்டுவாள். அவர் இடது கை விரலால் குத்துவார். எந்த வளைவு குறுகல், எங்கே மழைத் தண்ணீர் நிற்கும் என்றெல்லாம் அவர் தலைக்குள் அப்படியே இருந்தது. கோட்டின் கடைசிப் பகுதிக்கு இரண்டு யோசனை வைத்திருந்தார்கள். ஒன்று நெடுஞ்சாலையோடு நேராகக் கிடங்குகளுக்குப் போவது. இன்னொன்று கால்வாயைத் தாண்டி வளைந்து எங்கள் இல்லத்து வாசல் வழியாகப் போவது.

"இப்படி வளைஞ்சு வந்தா ஆபீஸ்லருந்து முப்பத்தெட்டு நிமிஷம். ஆறு மணிக்குக் கிளம்பினா ஏழுக்குள்ள உங்க பக்கத்துல இருப்பேன். தினமும்" என்பாள். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். சாயங்காலம் அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம். குணமாகிவிடுவார் என்றெல்லாம் என்னிடம் கதை பேசியதில்லை. ஆனால் அந்த வளைவின் மேல் விரலை வைத்தால் எடுக்க மனம் வராது.

ஒரு சிக்கல் இருந்தது. நெருங்கிய சொந்தம் ரயில் போகும் வழியை ஒட்டி இருந்தால் அதை எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அந்தப் பகுதியைப் பற்றிக் கூட்டத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டாள். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் கொடுத்தாள்.

பிறகு இரண்டு வழியிலும் எத்தனை பேர் போய்வருகிறார்கள் என்று ஆள் வைத்து எண்ணினார்கள். அந்த ஞாயிறு வரைபடத்தை விரிக்கவே இல்லை.

"நம்ம வாசலுக்கு ஒன்பது பேர்தான் வர்றாங்கக்கா. ஒன்பது பேருக்காக ரயிலை வளைக்க மாட்டாங்க. நேராத்தான் போகும்."

"ஒன்பதா? என் ஷிப்டுல மட்டுமே முப்பது பேர் வர்றோம்!"

"காலைல ஏழுலருந்து பத்து, சாயங்காலம் நாலுலருந்து ஏழு. ரெண்டு வேளையும் ஆள் நின்னு எண்ணியிருக்காங்க."

"எங்க ஷிப்டு மாறுறது ஆறு மணிக்கு. அப்புறம் ரெண்டு, அப்புறம் பத்து. ஏழு மணிக்கு வந்து நின்னா ரோட்டுல நாய்தான் இருக்கும்."

அவள் முகம் மாறியது. "ஆபீஸ் போறவங்க நேரத்துலதான் எப்பவும் எண்ணுவோம்..."

"ஆபீஸ் போறவங்களோட அப்பா அம்மாவைக் குளிப்பாட்டுறவங்க எத்தனை மணிக்குப் போவாங்கன்னு நெனச்சீங்க?"

முப்பது வருஷமாக மனிதர்களை எண்ணுகிறவள். ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் மட்டுமே வந்து போனதால் எங்களைச் சாலையில் பார்த்ததே இல்லை. "நான் இதைச் சொல்ல முடியாதுக்கா. சொன்னா என் புருஷனுக்காகச் சொன்னதாத்தான் ஆகும்" என்றாள்.

"நீ ஏன் சொல்றே? நடக்கிற காலு எங்களுது."

சமையல்கட்டு, சலவை, காவல், எங்கள் ஆட்கள், அடுத்த கட்டடத்தில் ரத்தச் சுத்திகரிப்பு நடத்துகிறவர்கள் என்று எல்லோரிடமும் எழுதி வாங்கினேன். எத்தனை மணிக்கு இறங்குகிறோம், எத்தனை நிமிஷம் நடக்கிறோம், கையெழுத்து. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தேறினார்கள். பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். மேடையில் இருந்த அதிகாரி, "நீங்க எந்த அமைப்பும்மா?" என்று கேட்டார். "அமைப்பெல்லாம் இல்லீங்க. இருட்டுல கால்வாய்க் கரைல நடக்கிறவ" என்றேன். கூட்டம் சிரித்தது. ரயிலம்மா மேசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுபடி எண்ணினார்கள். நாலு மாசம் கழித்து முடிவு வந்தது. கோடு வளையும், எங்கள் வாசலில் நிற்கும்.

அன்று செவ்வாய்க்கிழமை. லீவு போட்டுவிட்டு ஓடிவந்தாள். படியேறிய மூச்சிரைப்போடு அவர் காதில் சொன்னாள். அவர் "சரி" என்றார். இன்னொரு முறை சொன்னாள், இன்னொரு "சரி". அப்புறம் என் பக்கம் திரும்பி, முகமெல்லாம் வெளிச்சமாக, "இன்னும் ஏழே வருஷம்தான்க்கா!" என்றாள்.

மற்றவர்கள் ஏழு நிமிஷத்தைச் சொல்வதைப் போல இவள் ஏழு வருஷத்தைச் சொல்கிறாள். அவர்கள் தொழிலில் அது சீக்கிரமாம். நிலம் எடுக்க இரண்டு, தோண்டித் தண்டவாளம் போட நாலு, ஓட்டிப் பார்க்க ஒன்று என்றே கணக்குப் போட்டுப் பழகிய மனசு. தன் வாழ்க்கையையும் அதே அளவுகோலால் அளந்துவிட்டாள்.

துணி அடுக்கும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"உட்காரு. சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. அவருக்கு ஏழு வருஷம் இல்லம்மா. ரெண்டு இருந்தா அதிகம். நெஞ்சுச்சளி மூணு தடவை வந்தாச்சு. விழுங்குறது மாசத்துக்கு மாசம் குறையுது."

"டாக்டர் அப்படிச் சொல்லலையே."

"டாக்டர் மாசத்துக்கு ஒருநாள் வர்றார். நான் தினமும் ஊட்டுறேன்."

"ரயில் வந்துட்டா தினமும் வரலாம்னுதான்..."

"ரயில் உன்கிட்ட வர்ற வரைக்கும் நீ ஏன் அந்தக் கோடியில உட்கார்ந்திருக்கே? வாசலுக்கு எதிர்ல வாடகை போர்டு தொங்குது. ரெண்டு பஸ்ஸை நீ ஆபீஸுக்குப் பிடி. சாயங்காலம் இங்க இரு."

அவள் கைகள் ஒரு போர்வையை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தன. "வாசப்படியை இடிச்சுச் சக்கர நாற்காலி ஏறச் சரிவு போட்டிருக்கேன்க்கா. பாத்ரூம் கதவை அகலமாக்கி வச்சிருக்கேன். அவர் கட்டில் விரிச்சபடி இருக்கு. நான் அந்த வீட்டைப் பூட்டிட்டு வந்தா..."

நான்தான் முடித்தேன். "அவர் வீட்டுக்கு வரமாட்டார்னு ஆகிடும். பூட்டினாலும் வரமாட்டார், பூட்டாட்டியும் வரமாட்டார்."

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு என்னோடு பேசவில்லை. அந்த இரண்டில் ஒருநாள் அவள் நாத்தனாரும் கூட வந்திருந்தாள். "ஊருக்கெல்லாம் ரயில் விடத் தெரியுது, எங்கண்ணனுக்கு ஒரு வழி பண்ணத் தெரியல" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னாள். ரயிலம்மா சோற்றை மசித்துக்கொண்டே இருந்தாள். கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்று எனக்கும் இருந்தது. ஆனால் சொன்னதில் எதை எடுப்பது?

மூன்றாவது வாரம் புதன்கிழமை எதிர் வீட்டின் முன்னால் ஒரு சின்ன வேன் நின்றது. இரண்டு பெட்டி, ஒரு மடக்குக் கட்டில், ஒரு கெட்டில், சுருட்டிய வரைபடங்கள். வீட்டுச் சாவியை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். "நீ போ அண்ணி, ஜன்னலை நான் வந்து திறந்து மூடிக்கிறேன்னு சொன்னா. கூடவே வேனுக்கும் அவளே சொல்லிவிட்டா" என்றாள். எனக்கு அந்த நாத்தனார் மேல் இருந்த கோபம் பாதி குறைந்தது.

காலை ஆறரைக்குக் கால்வாய்க் கரையில் நடந்து பஸ் பிடிப்பாள், சாயங்காலம் ஏழேகாலுக்கு மாடிக்கு வருவாள். முதல் சாயங்காலம் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஜன்னலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வேண்டாம்" என்றார். நேரமாகிறது, பஸ்ஸை விட்டுவிடாதே என்பதற்கு அவர் அப்படித்தான் சொல்வார். அவள் அவரைச் சாய்த்து உட்காரவைத்து எதிர் வீட்டின் விளக்கைக் காட்டினாள். "அதோ பாருங்க, அதுதான் என் ரூம். பஸ்ஸே வேண்டாம்." வெகுநேரம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி எட்டு மாசம் போனது. ஒரு மழைச் சாயங்காலம் வந்து உட்கார்ந்தாள். அவர் மறுபடி சளியில் விழுந்து எழுந்திருந்த வாரம் அது, இளைத்துப்போய்த் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் மெல்ல, "ரெண்டு வருஷம் வெறும் ஞாயித்துக்கிழமையாவே போச்சேக்கா" என்றாள். "அப்பவே வந்திருந்தா எத்தனை சாயங்காலம். இன்னும் நாலு சொல் கூட இருந்துச்சு அப்ப. என் பேரைச் சொல்லுவார்."

அது உண்மைதான்.

ஒரு பேசினில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்தேன். விழுந்துபோன வலது கை முஷ்டியாக இறுகியிருக்கும், நகம் உள்ளங்கையில் குத்தும். வாரம் ஒருமுறை நாங்கள்தான் பிரித்து வெட்டுவோம். நகவெட்டியை அவளிடம் கொடுத்தேன்.

"கையைத் தண்ணியில ஊற விடு. கட்டைவிரல்லருந்து பிரி. இழுக்காதே. தானா தளர்ற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு இரு."

பிடித்துக்கொண்டு இருந்தாள். ஒவ்வொரு விரலும் பிரிய எவ்வளவோ நேரம் எடுத்தது. நான் மற்றக் கட்டில்களுக்கு மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பியபோது உள்ளங்கை முழுதும் விரிந்து அவள் மடியில் கிடந்தது. சுண்டுவிரல் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் விழித்துக்கொண்டு அவள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது முடிந்ததும், நல்லாயிருந்த இடது கையையும் எடுத்து அவளிடம் நீட்டினார்.