கருநீலக் கோட்டும் கொடுக்காத மாத்திரையும்

அக்கா வீட்டு பீரோவில் ஒரு கருநீலக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மச்சான் அதைப் போட்டது ஒரே ஒரு பயணத்துக்குத்தான். அக்கா அதை உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

மச்சான் பம்மலில், தோல் பதனிடும் மெஷின்கள் செய்யும் கம்பெனியில் ஃபிட்டர். ஆப்பிரிக்காவுக்கு விற்ற மெஷின் மக்கர் பண்ணினால் இங்கிருந்து ஆள் போகவேண்டும். போகிறவனுக்குக் கோட்டு தைத்துக் கொடுப்பது கம்பெனி வழக்கம். கிரீஸிலும் தோல் நாற்றத்திலும் நிற்கப்போகிறவனுக்குக் கோட்டு எதற்கு? விமானத்திலிருந்து இறங்கும்போது கம்பெனி மானம் காப்பாற்றப்பட வேண்டுமாம். தாம்பரத்து டெய்லரிடம் நானும் கூடப் போயிருந்தேன். மச்சான் கண்ணாடி முன் நின்று, "மாப்ள மாரி கீறேன்ல?" என்று சிரித்தார்.

அங்கே மலேரியா அதிகம், கிளம்பும் முன்பே மாத்திரை தொடங்கி, திரும்பிய பிறகும் கொஞ்ச நாள் சாப்பிடவேண்டும் என்று கூட வேலை செய்த ஒருவர் சொல்லியிருக்கிறார். மச்சான் மேனேஜரிடம் கேட்டார். "ரெண்டு வாரத்துக்கு அதெல்லாம் எதுக்குப்பா? முன்னாடி போனவங்க நல்லாத்தானே வந்தாங்க. டாக்டர் ஃபீஸ், மாத்திரைன்னு ஆளாளுக்குக் குடுத்தா கட்டுப்படியாகாது. அதச் சாப்ட்டு வாந்தி வந்தா வேலை வேற கெடும்" என்றாராம். மச்சானும் அது நியாயம்தான் என்று வந்து சொன்னார்.

மேனேஜர் சொன்னது முழுப் பொய்யில்லை. போகிற எல்லோருக்கும் காய்ச்சல் வருவதில்லை. மாத்திரை சிலருக்கு ஒத்துக்கொள்வதுமில்லை. செலவையும் பயனையும் எடைபோடத்தான் வேண்டும். ஆனால் எடைபோட்டவர் ஏசி அறையில் இருந்தார், கொசு கடித்தது மச்சானை. செலவு கம்பெனிக்கு மிச்சம், போனது எங்கள் வீட்டு உயிர். கோட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கை யாருமே போடவில்லை. அதை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.

திரும்பி வந்த சில நாளில் காய்ச்சல். மழைக்காலத்துக் காய்ச்சல் என்று பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் "வெளிநாடு போய் வந்தாரா?" என்று கேட்டு, மலேரியா என்று சொன்னபோது மச்சானுக்கு நினைவு தப்பியிருந்தது; பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்ததும் மேனேஜர் வந்து, "எல்லாம் விதிம்மா" என்றார். பிறகு அக்கா மகனுக்கு அதே கம்பெனியில் வேலை தந்தார்.

போன மாதம் மகனுக்கும் அதே நாட்டுப் பயணம் வந்தது. "கோட்டுக்கு அளவு குடுக்கச் சொன்னாங்கம்மா" என்றான். மாத்திரை கேட்டாயா என்றாள் அக்கா. "கேட்டா வேற ஆள அனுப்பிடுவாங்க" என்றான்.

அக்கா பீரோவைத் திறந்து கோட்டை எடுத்தாள். என்னையும் அவனையும் கூட்டிக்கொண்டு நேரே கம்பெனிக்குப் போய், மேனேஜர் மேசையில் அதைப் போட்டாள்.

"கோட்டு எங்க வூட்லயே கீது சார். அத தைக்கிற காசுல புள்ளய டாக்டராண்ட இட்டுகினு போய் மாத்திர வாங்கிக் குடுங்க. நான் இங்கியே குந்திகினு கீறேன்."

குரல் உயரவில்லை. மேனேஜர் கோட்டைத் தொடாமலே, ஓர் ஆளைக் கூப்பிட்டு மகனை டாக்டரிடம் அனுப்பினார். மகன் மாத்திரையோடு திரும்பிய பிறகுதான் அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். கோட்டை அங்கேயே விட்டுவிட்டாள்.

இப்போது பீரோவில் அந்த இடம் காலி. மகன் சாதாரணச் சட்டையில்தான் போய் இறங்கினான். அவன் போன் செய்தால், சாப்பிட்டாயா என்று அக்கா கேட்பதில்லை.

"மாத்திர போட்டியா?" என்றுதான் கேட்கிறாள்.