மிஸ் இல்லாத குழுவும் ஓர் இரட்டைச் சடையும்

சங்கரன்கோவிலில் என் மகள் இரண்டாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டில், அவ்வகுப்புப் பெற்றோருக்கு இரண்டு வாட்ஸப் குழுக்கள் இருந்தன. ஒன்று பள்ளி தொடங்கியது. வீட்டுப்பாடமும் விடுமுறை அறிவிப்பும் அதில் வரும். நாங்கள் கைகூப்பிய படம் ஒன்றை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வோம். மற்றொன்று தாய்மார்கள் தாமாகத் தொடங்கியது. அதன் பெயரே ‘மிஸ் இல்லாத குழு’. முதற் குழுவில் வந்த வீட்டுப்பாடத்துக்கு இரண்டாம் குழுவில்தான் பொருள் விளங்கும். நாளைக்குச் சீருடையா வண்ண உடையா என்ற ஐயம் முதல், எவர் பிள்ளையின் தண்ணீர் பாட்டில் எவர் பிள்ளையின் பைக்குள் போயிற்று என்ற வழக்கு வரை அனைத்தும் அங்கேதான் தீர்ந்தன.

அக்குழுவில் என் மனைவிதான் இருந்தாள். அவள் வேளாண்மைத் துறையில் பணிபுரிபவள். கோடை விடுமுறையில், பதவி உயர்வை ஒட்டிச் சென்னையில் சில மாதப் பயிற்சிக்கு அழைப்பு வந்தபோது, தன் இடத்தில் என்னை அதில் சேர்த்துவிட்டு, தான் விலகிக்கொண்டாள். சமையலுக்கு நான் அஞ்சவில்லை. பக்கத்து மேலநீலிதநல்லூரில் தமிழாசிரியப் பணி எனக்கு. மகள் வேனில் வந்து இறங்கும் நேரத்துக்கு நானும் வீடு சேர்ந்துவிடலாம். எஞ்சிய ஒரே இடர் மகளின் தலைமுடி. இடுப்பைத் தொடும் முடி அது. பள்ளியின் விதிப்படி அதனை இரட்டைச் சடையாகப் பின்னி, மடித்து, காதோரம் சிவப்பு ரிப்பன் கட்டி அனுப்ப வேண்டும். அக்கம்பக்கத்தில் உதவி கேட்கலாம்தான். ஆனால் அந்தக் காலை வேளையில் எல்லா வீட்டிலும் அதே அவசரம்.

“கழுத்தளவுக்கு வெட்டிருவோம். நான் வந்த பெறவு வளத்துக்கலாம்” என்றாள் மனைவி.

மகள் முடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் போய் அமர்ந்துவிட்டாள். நான் பின்னப் பழகிக்கொள்கிறேன் என்றேன். மனைவி பெட்டியில் துணிகளை அடுக்கியபடியே, என் முகத்தைப் பாராமல் சொன்னாள்: “தலையைக் கோணலும் மாணலுமா பின்னிப் போனா, பாக்குதவங்க என்ன நினைப்பாங்க? அம்மை இல்லாத பிள்ளைன்னுல்லா நினைப்பாங்க.”

அவளை உறுத்தியது முடியன்று என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது அவள் சடையைப் பார்ப்பாள். மனம் நிறைந்தால் முடி இருக்கும்; இல்லையெனில் அன்றே கத்தரி. பீரோவுக்குப் பின்னிருந்து தலையை நீட்டிய மகள், தாயைப் பார்க்கவில்லை. என் விரல்களைத்தான் பார்த்தாள். அப்பார்வையில் நம்பிக்கை மிகுதியாக இருந்ததாகச் சொல்ல முடியாது.

மனைவி புறப்பட்ட மறுநாள் குழுவில் என் முதற் செய்தியை இட்டேன். ‘பெற்றோர் அனைவர்க்கும் வணக்கம். இரட்டைச் சடை பின்னும் முறையை எனக்குப் பயிற்றுவிக்க எவரேனும் முன்வர இயலுமா?’ மறுமொழியாக ஓர் ஒலிப்பதிவு வந்தது. பனவடலிசத்திரத்தில் பூத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு தாய் பேசியது அது. அவர் எழுதி அனுப்பியதே இல்லை. எதுவாயினும் பேசியே அனுப்புவார். பின்னணியில் பம்புசெட்டின் ஓசையும் கேட்கும்.

“யாரு சார் இது? கல்வெட்டுல இருந்து எந்திரிச்சு வந்தாப்ல பேசுதீய. சடைதானே, நான் சொல்லித் தாரேன்.”

அன்று முதல் அவர் எங்கள் எல்லாருக்கும் பூத்தோட்டத்து அக்கா. பூச்சந்தைக்கு வந்த தம் கணவரிடம் ஒரு கட்டு வாழைநார் கொடுத்தனுப்பினார். அதனை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, மூன்றாகப் பிரித்து, கை பழகும்வரை பின்ன வேண்டும் என்பது அவர் வகுத்த பாடம். “காஞ்சா ஒடிஞ்சிரும், அப்பப்பத் தண்ணி தெளிச்சுக்கிடுங்க” என்றும் சொல்லியிருந்தார். எஞ்சிய விடுமுறை முழுவதும் நான் ஜன்னலை நோக்கி நின்று நாரைப் பின்னினேன். மகள் நாற்காலியில் அமர்ந்து, கால்களை ஆட்டியபடி மேற்பார்வை செய்தாள்.

குழுவில் எனக்கு ஒரு சக மாணவரும் கிடைத்தார். கடையநல்லூர்க்காரர், வளைகுடா நாடொன்றில் வேலை. மனைவியும் மகளும் சங்கரன்கோவிலில் இருந்தனர். மகளின் அன்றாடத்தை அறிந்துகொள்ளவே கேட்டுச் சேர்ந்தவர் அவர்; எல்லாரும் பாய் என்றே அழைத்தனர். தாம் கடைசியாக ஊரிலிருந்து கிளம்பியபோது மகளுக்குப் பிடிக்குமளவுகூட முடி இல்லை என்றும், அடுத்த லீவில் தாமே பின்னிவிட விரும்புவதாகவும் எழுதினார். பழகுவதற்கு அங்கே நீண்ட முடியுடைய பொம்மை ஒன்றை வாங்கினார். சில நாட்களில் அதன் படம் வந்தது. நெற்றியிலிருந்து உச்சிவரை முடி கழன்று போயிருந்தது. “பாய், பொம்மையைத் திருப்பதிக்கா கூட்டிட்டுப் போனீய?” என்று பூத்தோட்டத்து அக்கா கேட்டதற்குக் குழு நாள் முழுவதும் சிரித்தது. மிகுதியாகச் சிரித்தவர் பாய்தான்.

பள்ளி திறந்தது. முதல் நாள் வேன் வருவதற்கு முன், மகளின் பின்னந்தலையைப் படமெடுத்துக் குழுவில் இட்டேன். இரண்டு சடைகளும் முறுக்கேறி, கருமை மின்ன, ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் அமைந்திருந்தன. பாராட்டுகள் குவிந்தன. என்ன எண்ணெய் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒரு தாய் வினவினார். எண்ணெயே பயன்படுத்தவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அது அடக்கமாகக் கருதப்பட்டது.

அந்த வாரம் முழுவதும் இவ்வாறே கழிந்தது. வார இறுதியில் வகுப்பாசிரியையிடமிருந்து பள்ளிக் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது: குழந்தைகளின் தலையை ஈரத்தோடு பின்னி அனுப்ப வேண்டா, சளி பிடிக்கிறது. மிஸ் இல்லாத குழு உடனே விசாரணையில் இறங்கியது. பச்சைப் பிள்ளைக்கு ஈரத் தலையைப் பின்னிவிடும் அறிவுகெட்ட தாய் எவள் என்று ஆளுக்கொரு பக்கம் கொதித்தனர். நான் உள்ளபடியே விளங்காமல், ‘நீர் தெளிக்காவிடில் முடி ஒடிந்துவிடாதா?’ என்று கேட்டேன்.

பிறகு பம்புசெட்டின் ஓசை கேட்டது.

“சார், நான் நாருக்குல்லா தண்ணி தெளிக்கச் சொன்னேன். பிள்ளை தலைக்கா தெளிச்சீய?” மூச்சு வாங்க நிறுத்திவிட்டு அக்கா தொடர்ந்தார். “நல்ல வேளை. நாரை ஈரச் சாக்குல சுத்தி வைக்கணும்னு சொல்ல மறந்துட்டேன். சொல்லியிருந்தா பிள்ளையையும் சுத்தி வச்சிருப்பீய.”

அன்று வந்த சிரிப்புப் படங்களைக் கடந்து என் செய்தியைக் கண்டுபிடிக்கவே விரலால் வெகுதூரம் தள்ள வேண்டியிருந்தது. எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, மாலையில் மனைவி காணொளியில் அழைக்கும்வரை. பள்ளிக் குழுவில் அவள் இன்னும் இருந்தாள். ஆசிரியையின் அறிவிப்பைப் படித்திருந்தாள். மகள் மூக்கை உறிஞ்சியதும் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். அவள் குரலில் சினம் இல்லை, களைப்பே இருந்தது.

“தபசுக்கு வந்ததும் வெட்டிருவோம். அவளுக்கும் கஷ்டம், ஒங்களுக்கும் கஷ்டம்.”

மறுநாட்காலையில் மகள் தானே சீப்பை எடுத்து வந்து என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் அமர்ந்தாள். “அப்பா, தண்ணி வேண்டாம்” என்று மட்டும் சொன்னாள். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்று குழுவில் நிலைமையை உள்ளபடி எழுதினேன். முடியின் விதி தபசன்று தீர்மானமாகும் என்பதைச் சொன்னேன். மனைவி பெட்டி அடுக்கும்போது சொன்ன சொற்களையும் எழுதினேன். அதன்பின் அக்குழுவின் போக்கே மாறிவிட்டது. கேலி குறைந்துவிடவில்லை, கேலியோடு கவனமும் சேர்ந்தது. உள்ளங்கையில் சில துளித் தேங்காயெண்ணெயைத் தேய்த்துக்கொள்வது, சீப்பின் வாலால் வகிடெடுப்பது, பிரித்த முடியின் மூன்று கால்களில் ஒன்றும் தளராமல் பிடிப்பது எனப் பாடம் முதலிலிருந்து தொடங்கிற்று. நாள்தோறும் வேனுக்கு முன் படம் அனுப்ப வேண்டும் என்பது கட்டளையாயிற்று. வகிடு எனக்கு எளிதில் வசப்படவில்லை. “சார், வகிடு எடுக்கீயளா, வாய்க்கா வெட்டுதீயளா?” என்றார் பாய். கடையநல்லூர் வாய்க்கால்கள் நேராகத்தான் போகும், இது பனவடலிசத்திரத்து ஓடை என்று அக்கா திருத்தினார்.

ரிப்பனிலும் ஒரு சிக்கல் இருந்தது. விடைத்தாள் கட்டுகளை முடிந்து பழகிய கை என்னுடையது. மகளின் ரிப்பனையும் நான் அவ்வாறே முடிந்தேன். மாலையில் அதை அவிழ்க்க ஊசி தேவைப்பட்டது. பின்னர்ப் பூப்போல் முடியக் கற்றும், என் முடிச்சின் இரு மடிப்புகளும் தொங்காமல், காதைத் தூக்கி நிற்கும் முயலைப்போல விறைத்து நின்றன. எத்துணை முயன்றும் அந்த விறைப்பு மாறவில்லை.

பள்ளி வாயிலில் தம் மகனை இறக்கிவிடும் ஒரு தாய், சில நாட்களில் சுருக்கமாக ஒரு வரி எழுதுவார்: ‘இடது சடை லூசா இருந்துச்சு, கட்டி விட்டுட்டேன்.’ நான் கேட்டுக்கொள்ளாத உதவி அது. இதற்கெல்லாம் என்னால் செய்ய முடிந்த கைம்மாறு, பிள்ளைகளின் தமிழ்ப் பாடத்தில் ஐயம் தீர்ப்பதுதான். பூத்தோட்டத்து அக்காவின் மகனுக்கு மழையைப் பற்றி ஒரு மேடைப்பேச்சும் எழுதிக் கொடுத்தேன். அதில் பாதியை அவர் நீக்கிவிட்டார். பிள்ளைக்கு வாய் வலிக்குமாம்.

ஆடி பிறந்தது. தபசுக்கு முந்தைய நாள் காலை, செங்கோட்டைக்குச் செல்லும் ரயிலில் மனைவி வந்து இறங்கினாள். வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து மகளுக்கு வாங்கி வந்தவற்றை எடுத்து வைத்தாள். அவற்றுள் ஒன்று வண்ணத்துப்பூச்சி கிளிப்புகள் அடங்கிய அட்டை. குட்டை முடிக்குக் குத்துபவை. மகள் அதனை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்று சொல்லித் திரும்பவும் பைக்குள்ளேயே வைத்தாள்.

தபசன்று காலையில் தெரு முழுவதும் வெளியூர்க் கூட்டம். மகள் பட்டுப்பாவாடை உடுத்தி, சீப்போடு வந்தாள். தான் பின்னிவிடுவதாகச் சொல்லி மனைவி கையை நீட்டினாள். மகள் சிறிது தயங்கினாள். அத்தயக்கத்தை மனைவி கவனித்ததையும், நீட்டிய கை அப்படியே நின்றதையும் நான் கண்டேன்.

“நீ ஒரு பக்கம் பின்னு, அப்பா ஒரு பக்கம் பின்னட்டும்” என்றாள் மகள்.

வகிட்டை மனைவி எடுத்தாள். அது நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. இடப்பக்கம் அவளும் வலப்பக்கம் நானுமாக அமர்ந்து பின்னினோம். நடுவில் மகள் அசையாமல் இருந்தாள். எங்கள் முழங்கைகள் இடித்துக்கொண்டன. என் விரல்களின் வேகத்தை மனைவி ஓரக்கண்ணால் பார்ப்பது தெரிந்தது. முடித்து ரிப்பன் கட்டும்போது கைப்பேசி ஒலித்தது. ‘சார், தபசுக்கு நமக்கும் லீவா? தலையைக் காணோம்’ என்று பாய் எழுதியிருந்தார்.

நான் படமெடுத்து அனுப்பினேன். கீழே, ‘இதில் ஒரு சடை என்னுடையது, எதுவெனக் கூறுக’ என்று எழுதினேன். பின்னந்தலையைப் பார்த்து எவருக்குத் தெரியப்போகிறது என்றாள் மனைவி.

முதல் மறுமொழி பாயிடமிருந்து வந்தது. ‘வலது பக்கம் சாரோடது. ரிப்பன் முயல் காது மாதிரி நிக்கு.’ அடுத்து வாயிலில் நிற்கும் தாய், ‘வலது’ என்று ஒரே சொல் எழுதினார். அவரைத் தொடர்ந்து வரிசையாக எல்லாரும் வலது, வலது என்றனர். இறுதியில் அக்காவின் ஒலிப்பதிவு வந்தது. சந்தையில் நின்று பேசியிருக்க வேண்டும். பூ ஏலம் கூறும் குரல்களும் அதில் இருந்தன.

“வலதுதான், அது தெரியாதா? எடது பக்கம் பிள்ளையோட அம்மை பின்னினது. வகிடும் அவுகதான் எடுத்திருக்காவ, ஓடை நேராயிட்டு. ஏ சார், அவுக வந்துட்டாவளா?”

மனைவி என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். குழுவை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். நாள்தோறும் அனுப்பிய பின்னந்தலைகள் ஒவ்வொன்றாக வந்தன. வாய்க்கால் வகிடு, விடைத்தாள் முடிச்சு, வாயிலில் கட்டிவிட்ட இடது சடை, அவற்றின் கீழே எழுந்த கேலிகள், எல்லாவற்றையும் படித்தாள். ஈரத் தலைக்கு வந்தபோது வாய்விட்டுச் சிரித்தாள். அங்கிருந்து திரும்பிக் கீழே வருகையில், நான் எழுதிய அவளுடைய சொற்கள் இருக்குமிடத்தை அடைந்ததும் சிரிப்பு நின்றது. அவற்றின் கீழே அக்கா அன்று பேசி அனுப்பிய மறுமொழியை அவள் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டாள். எனக்கு அது மனப்பாடம். “அப்படி யாரும் நினைக்க மாட்டாவன்னு ஒங்க வீட்டுல சொல்லுங்க சார். பிள்ளைக்கு இங்கன இத்தன அம்மை இருக்கோம்ல.”

அவள் அதை மறுமுறையும் கேட்டாள். பிறகு ஒலிப்பதிவுக் குறியை அழுத்தினாள்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் பாப்பாவோட அம்மா பேசுதேன். முடிய வெட்டல.”

மேலும் ஏதோ சொல்ல எண்ணியவள், விரலை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான் சென்றது. கைத்தட்டும் படங்கள் திரையை நிறைத்தன. பாய் தம் வழுக்கைப் பொம்மையின் தலையில் சிவப்பு ரிப்பன் கட்டிப் படம் அனுப்பினார். வெட்டியிருந்தால் நாங்கள் காலையில் எதைப் பார்ப்பது என்று அக்கா கேட்டார்.

மகள் முழுச் செய்தியையும் கேட்டபடிதான் இருந்தாள். உடனே எழுந்து ஓடி, பையிலிருந்து கிளிப்பு அட்டையை எடுத்து வந்தாள். நான் பழகிய வாழைநார்ச் சடை காய்ந்து பழுப்பேறி இன்னும் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியில் ஏறி நின்று, வண்ணத்துப்பூச்சிகள் அனைத்தையும் அதன்மேல் குத்தினாள். பிறகு எங்கள் இருவரையும் அழைத்துக் காட்டினாள். கூட்டம் மிகுவதற்குள் கோயிலுக்குப் புறப்பட்டோம்.