நிமிர்ந்து நின்ற ஜீப்

செய்தி வந்தபோது நான் செவ்வாய்ப்பேட்டையில் நைலான் கயிறு வாங்கிக்கொண்டிருந்தேன். பட்டறையிலிருந்து வெல்டர் முருகேசன் பேசினார். "அண்ணன் தவறிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." சரி என்று சொல்லிவிட்டுக் கயிற்றை அளந்து வாங்கினேன், மீதிச் சில்லறைக்கும் காத்து நின்றேன். சங்ககிரி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், இந்தக் கயிற்றை இனி யாரிடம் கொடுப்பது என்று குழம்பினேன்.

குழந்தைவேல் அண்ணனை லாரிகளுக்கு அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை கட்டுபவராக உங்களில் பலர் அறிவீர்கள். சில வருடங்களாக அவர் சக்கரம் வைத்த வீடு ஒன்றையும் ஜீப்போடு சேர்த்து வாடகைக்கு விட்டுவந்தார். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளே உண்டு; ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துப்போகலாம். வாடகைக்குக் கேட்பவர்களிடம் போன் பேசுவது என் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வந்த புதிதில் போன் வைத்த பிறகு யாரிடமும் பேசமாட்டேன். "நீ பேசாட்டிப் போகுது சாமி, நாந்தான் ரெண்டாளுக்குப் பேசறனே" என்பார் அண்ணன்.

அவ்வளவு பேசுகிறவருக்கு விளக்கிச் சொல்ல மட்டும் வராது. "சாமானத்தையெல்லாம் முன்னாடி அடைக்காதீங்க, ஜீப்பு குந்திக்கும்" என்பார். பின்னால் தள்ளி வைத்தால், "பின்னாடி போனா ஊடு வாலாட்டுமுங்க" என்பார். "அப்ப தலைமேல வெச்சுக்கிட்டு வரட்டுங்களா?" என்று ஒரு அம்மா கேட்டேவிட்டார். பாரம் பெரும்பாலும் வீட்டின் சக்கரங்களுக்கு மேலேயும், கொஞ்சம் மட்டும் முன்பக்கமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் சொல்லவந்தது.

அவருடைய தங்கை சரோஜா அக்காவின் குடும்பம் போன மாசியில் அந்த வீட்டை எடுத்தது. பனமரத்துப்பட்டி ஏரியைத் தாண்டி, ஏற்ற இறக்கமான சாலையில் இருக்கிறது அவர்கள் குலதெய்வம். வேண்டுதலுக்கு வார்த்த பெரிய வெண்கல மணியைப் பூசை போட்டு வீட்டின் முன்மூலையில் வைத்திருந்தார்கள். அரிசி மூட்டைகளும் அண்டாக்களும் அதன் பக்கத்திலேயே. மாட்டியதும் ஜீப்பின் பின்பக்கம் அமிழ்ந்தது.

"மணிய நடுவால நகத்துங்க மாப்ள" என்றார் அண்ணன்.

சரோஜா அக்காவின் கணவர் ஒப்பவில்லை. "சாமி பொருளு முன்னாடிதான் போகோணும். பூசை போட்டு வெச்சதக் கோயில்லதான் எறக்கோணும். லாரிக்குப் போடறாப்பல ஒரு பட்டை சேத்துப் போடுங்க மச்சான், தூக்கிக்கும்."

அண்ணன் ஜீப்பின் பின்பக்கம் ஒரு பட்டை சேர்த்தார். ஜீப் நிமிர்ந்தது. எல்லோரும் ஏறினார்கள். அவர் முன்பக்கம் போய்க் குனிந்து, டயருக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். பிறகு பின்னால் வந்து கொக்கியைக் கழற்றிவிட்டார்.

"இது போகாது."

"நேராத்தான மச்சான் நிக்குது?"

"நிக்கறது நேராத்தான் நிக்குது" என்றார்.

இறக்கக் கூடாத மணியை இறக்கி, டெம்போ வரவழைத்து ஏற்றினார்கள். சரோஜா அக்கா அதை முந்தானையால் துடைத்தபடியே போனார். அதன் பிறகு அவர் அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை.

சாவுக்குத்தான் வந்தார். பந்தலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ அங்கதான சாமி இருந்த. நெசமாலுமே போகக்கூடாதா, இல்ல எங்க ஊட்டுக்காரரு பேச்சக் கேக்கக் கூடாதுன்னு பண்ணுச்சா எங்கண்ணன்?" என்று கேட்டார். அமிழ்வதுதானே கோளாறு, அதுதான் போய்விட்டதே என்று அன்று நானும் நினைத்தேன். "தெரியலைங்க அக்கா" என்றேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்தப் பதிலோடு இருக்க முடியவில்லை. அண்ணன் முன்டயரிடம் குனிந்தது மட்டும் நினைவில் இருந்தது.

காரியம் முடிந்ததும் அக்காவைப் பட்டறைக்கு வரச் சொன்னேன். சேர்த்த பட்டை இன்னும் அந்த ஜீப்பில்தான் இருக்கிறது. மணிக்குப் பதிலாக சிமெண்டு மூட்டைகளை முருகேசன் முன்மூலையில் அடுக்கினார். மாட்டுவதற்கு முன், ஜீப்பின் முன்டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அக்கா கையை விரித்து வைத்தார். விரல்கள் இரண்டையும் தொட்டன. மாட்டினோம். பின்பக்கம் நேராகவே நின்றது. மறுபடி கையை வைத்தார். எட்டவில்லை.

"பின்னாடி அமுக்கற பாரம் முன்சக்கரத்தத் தூக்கப் பாக்குதுங்க. பட்டை போட்டா அது வெளிய தெரியாது, அவ்வளவுதான்" என்றார் முருகேசன். "எறக்கத்துல ஸ்டீரிங்க ஒடிச்சா வண்டி திரும்பாது. பிரேக்கும் சரியாப் புடிக்காது."

அக்கா கையை எடுக்கவில்லை. "இதக் காட்டியிருந்தா நானே மணிய நடுவால நகத்தியிருப்பனே. ஊரெல்லாம் பேசற மனுசன், இதுக்கு மட்டும் ஏன் சாமி பேசல?"

அதுவும் எனக்குத் தெரியவில்லை. சொன்னாலும் மாப்பிள்ளை கேட்கமாட்டார் என்று விட்டாரா, தங்கைக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தாரா? எப்படி யோசித்தாலும் குழப்பம் தீரவில்லை. அவரை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் நீங்கள். யாருக்காவது தெரிந்தால் சரோஜா அக்காவிடம் சொல்லுங்கள்.

அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்தக் குனிதல்தான். வண்டி மாட்டியதும் எல்லோரும் பின்னால் போய் நின்று பார்க்கிறார்கள். நான் முன்னால் போய்க் கை வைக்கிறேன். மாட்டுமுன் தொட்ட விரல் எட்டாவிட்டால், ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டவர்களையும் இறங்கச் சொல்லி, அவர்கள் கையையும் அங்கே வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.