இருபத்து மூன்றாவது தீர்த்தம்

இதை எழுதாமலேயே விட்டிருப்பேன். பிளஸ் டூவில் தமிழிலேயே ஒரு தடவை கவிழ்ந்தவன் நான். நான் எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் பெரம்பூரில் எவனைப் பார்த்தாலும், "அமெரிக்காவுல ரெண்டு வருஷம் இருந்தியே மச்சி, என்னடா பாத்த?" என்கிறான். கதவு பார்த்தேன். நியூஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோ என்று ஓர் ஊர், அங்கே இருக்கிற அத்தனை அபார்ட்மென்ட் கதவையும் பார்த்தேன். எந்தக் கதவில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், எந்தக் கதவுக்குப் பின்னால் ஆள் இருந்துகொண்டே டிவி சத்தத்தைக் குறைப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. சொன்னால் ஒருத்தனும் நம்புவதில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

மார்மன் என்று ஒரு அமெரிக்கக் கிறிஸ்தவச் சபை; நான் அதில் மிஷனரியாக இருந்தேன். இருபது வயதுகூட ஆகாத பையன்களைப் பிடித்து, இரண்டு வருஷம் எங்காவது தூரமாக அனுப்பி, வீடு வீடாகப் போய் வேதம் சொல்லச் சொல்கிற வேலை அது. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. பட்டையில் பெயருக்கு முன்னால் 'எல்டர்' என்று போட்டிருக்கும். அதாவது மூப்பர். ஷேவ் பண்ண ஒன்றுமில்லாத மூப்பர்கள். எங்கள் வீட்டில் அம்மாதான் முதலில் அந்தச் சபையில் சேர்ந்தாள். நான் சேர்ந்தது அங்கே பாஸ்கெட்பால் ஆட இடம் இருந்ததால். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மிஷனரி தனியாகப் போகக் கூடாது. எப்போதும் இரண்டு பேர். மாமியார் மருமகள் மாதிரி, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒருத்தன் கண்ணில் படுகிற தூரத்தில்தான் இன்னொருத்தன் இருக்க வேண்டும். எனக்கு வாய்த்தவன் ஐடஹோ மாநிலத்து வெள்ளைக்காரன். நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். நான் வைத்த பெயர் நெட்டை. அர்த்தம் கேட்டான். "பக்திமான்"னு சொல்லிவைத்தேன். சந்தோஷப்பட்டான். அவன் பேசியதெல்லாம் இங்கிலீஷ். இங்கே தமிழில் எழுதுகிறேன். இந்தத் தடவை ஒழுங்காகத்தான் மொழிபெயர்க்கிறேன்.

எங்கள் வாரம் திங்கட்கிழமை துணி துவைப்பதில் தொடங்கும். அன்றைக்கு மட்டும் வீட்டுக்குப் போன் பேசலாம், மெயில் எழுதலாம். செவ்வாயிலிருந்து கதவு. நம் ஆட்கள் கதவைத் திறந்தால் வெள்ளைக்காரனைப் பார்த்துச் சிரிப்பார்கள், என்னைப் பார்த்து விசாரணை போடுவார்கள். "நீ தமிழா? என்ன விசால வந்த? மாஸ்டர்ஸ் பண்றியா? பண்ணலயா? அம்மா ஒண்ணும் சொல்லலயா?" என்று ஒரு ஆன்ட்டி பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் கேட்டார். கடவுளைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. கடைசியில் நெட்டையிடம் அரிசி மூட்டையைக் காட்டினார், காரிலிருந்து மாடிக்கு. யார் உதவி கேட்டாலும் நாங்கள் மாட்டோம் என்று சொல்லக் கூடாது. அந்த விஷயம் அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் பரவியது. அதற்கப்புறம் எந்தச் சனிக்கிழமையும் நாங்கள் சும்மா இருந்ததில்லை. சோபா தூக்கினோம், கொலுப்படி மாட்டினோம், ஒரு அங்கிளுக்குப் பனி அள்ளினோம். அவர் ஜன்னலுக்குள் நின்று, "அந்த ஓரம், தம்பி, அந்த ஓரம்" என்று கை காட்டினார். வேதம் கேட்க அவருக்கு டைம் இல்லை, மீட்டிங் இருந்தது.

ஞாயிறு சாயங்காலம் அந்த வாரக் கதையை எங்கள் வட்டாரத் தலைவனுக்குப் போனில் அனுப்ப வேண்டும். எத்தனை பேரிடம் பேசினோம், எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். அந்தக் கடைசிக் கட்டத்தில் நெட்டை போட்டது எப்போதும் முட்டைதான். ஒன்றே முக்கால் வருஷமாக முட்டை. அவனுடைய அண்ணன் பிரேசில் போய், கூட்டம் கூட்டமாக ஆட்களைத் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு வந்தவன். இவன் ஒருத்தரையாவது முக்காமல் ஊருக்குப் போனால் சாப்பாட்டு மேஜையில் எந்த மூஞ்சியோடு உட்காருவது? அதுதான் அவனுடைய ஒரே கவலை. எனக்கு அது நல்ல காமெடியாக இருந்தது. "ஆளே கெடைக்கலன்னா கடைசி நாள் என்னையே இன்னொரு தடவ முக்கிக்கோ" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

அப்போதுதான் பெரியவர் வந்தார். ஒரு திங்கட்கிழமை அபார்ட்மென்ட்டின் துணி துவைக்கிற அறையில், டிரையர் என் டையைத் தின்றுவிட்டது. நான் அதன் பரம்பரையையே இழுத்து வைதுகொண்டிருந்தேன். பின்னால் குரல்.

"யாருடே அது, மெஷினப் போட்டு இந்த ஏச்சு ஏசுதது?"

மங்கி கேப், ஸ்வெட்டர், வேட்டி. செப்டம்பர் மாதம். திருநெல்வேலிப் பக்கம் நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருக்கிறார். மகள் மருந்துக் கம்பெனிக்குப் போய்விடுவாள், மருமகன் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறிவிடுவார், பேரன் ஸ்கூல். காலையிலிருந்து மாலை வரை பேச ஆளில்லாமல், வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்த மனுஷன். நான் கெட்ட வார்த்தை பேசியது அவருக்குத் தேவாரமாகக் கேட்டிருக்கிறது.

"வீட்டுக்கு வாங்கடே. வெள்ளச்சாமியையும் கூட்டிட்டு வா" என்றார். நெட்டைக்கு அவர் வைத்த பெயர் அது. என்னுடையதைவிட நல்ல பெயர் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

செவ்வாயும் வியாழனும் அவர் வீட்டில் பாடம். அவருக்கு இங்கிலீஷ் வராது, நெட்டைக்குத் தமிழ் வராது, நடுவில் நான். இதைவிட மோசமான ஏற்பாட்டை யாரும் யோசித்திருக்க முடியாது. நெட்டை கண் கலங்கப் பத்து நிமிஷம் பேசுவான். ஒரு பையன் காட்டுக்குள் போய் ஜெபம் பண்ணினான், கடவுள் நேரில் தோன்றினார் என்று. நான் ஒரே வரியில் முடிப்பேன். "சின்னப் பையன், அங்கிள். காட்டுல வேண்டிக்கிட்டான். சாமி நேர்லயே வந்துடுச்சு."

"வராம? எங்க குலசாமியும் ஆடு மேய்க்க ஒரு பயலுக்குக் காட்டுக்குள்ளதான் காட்சி குடுத்தாரு."

நெட்டை ஆவலாக என்னைப் பார்ப்பான். "நம்புறாராம்" என்பேன். பொய் இல்லையே.

வேறு சாமி கும்பிடக் கூடாது என்று ஒரு பாடம் வந்தது. அதை அப்படியே விழுங்கினேன். அப்புறம், காப்பி, டீ தொடக் கூடாது என்று ஒரு பாடம். மார்மன்களுக்கு அது கட்டாய விதி. நெட்டை அதை விளக்கிக்கொண்டிருந்தபோது என் கையில் எவர்சில்வர் டம்ளர் நிறைய ஃபில்டர் காப்பி இருந்தது. முதல் நாளே பெரியவர் போட்டுக் கொடுத்தார். மறுத்தால் அவர் முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். குடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் தெரியும். நெட்டையிடம், "இது ஒரு மால்ட், ஹெல்த் டிரிங்க்" என்றேன். அவனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது; தண்ணீர் போதும் என்று விட்டான். ஆகவே அந்தப் பாடத்தை நான் மொழிபெயர்த்தது இப்படி: "உடம்பப் பாத்துக்கணுமாம், அங்கிள்."

"நல்ல பையன்" என்றார் பெரியவர், நெட்டையைப் பார்த்து.

நாலாவது வாரம் நெட்டை கேட்டுவிட்டான். ஞானஸ்நானம் எடுத்துக்கொள்கிறாரா? நான் விளக்கினேன். "வெள்ள டிரஸ் போட்டு, தொட்டித் தண்ணியில ஒரு முங்கு, அங்கிள்."

பெரியவர் யோசிக்கவே இல்லை. "ராமேஸ்வரத்துல இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடியாச்சு. காசி ஆச்சு. கும்பகோணம் மகாமகம் ஆச்சு. அமெரிக்கால ஒண்ணு ஆடுனா என்ன கொறஞ்சா போவும்? நாள் பாப்போம்." சமையலறையில் தொங்கிய தினசரி காலண்டரைப் புரட்டி, சனிக்கிழமை, ராகுகாலம் கழிந்து பதினோரு மணி என்றார்.

அவருக்கு இது இன்னொரு தீர்த்தம். அவ்வளவுதான். நெட்டைக்கோ, அவர் காலண்டரைப் புரட்டியதே பரிசுத்த ஆவியின் வேலை. அந்த அறையில் இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே ஆள் நான். வாயை மூடிக்கொண்டேன். வயிறு வலிக்க உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை.

மகள் போன் ஸ்பீக்கரில் சொன்னாள்: "என்ன வேணா பண்ணுங்கப்பா, டைம் பாஸ் ஆகட்டும். ஆனா எதுலயும் சைன் மட்டும் போடாதீங்க." பேரன் கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு: "தாத்தா, யூ கான்ட் ஈவன் ஸ்விம்!"

அடுத்த திங்கட்கிழமை நெட்டை அவன் அம்மாவிடம் போனில் சொன்னான். அந்தம்மா அழுத சத்தம் எனக்குக் கேட்டது. அன்று மாலைக்குள் அவர்கள் சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. சனி கழிந்து புதன்கிழமை அவனுக்கு ஊருக்கு ஃபிளைட். சனிக்கிழமைதான் ஒரே வாய்ப்பு. பெரியவர் அளவுக்கு வெள்ளை உடை தேடி எடுத்து, இஸ்திரி போட்டு, எங்கள் அறைக் கதவில் மாட்டி வைத்தான். போகும்போதும் வரும்போதும் அதன் காலரைச் சரி பண்ணுவான். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

முக்குவதற்கு முன்னால் ஒரு நேர்காணல் உண்டு. வியாழக்கிழமை, சபைக் கட்டடத்தில் ஒரு சின்ன அறை. கேள்வி கேட்பவன் வட்டாரத் தலைவன். அவனும் எங்களை மாதிரி ஒரு பொடியன் மூப்பர்தான். பாடம் நடத்தியவன் உள்ளே வரக் கூடாது என்பதால் நெட்டை வராந்தாவில் நின்றான். மொழிபெயர்க்க வேறு நாதி இல்லாததால் நான் உள்ளே.

"கடவுள நம்புறீங்களா, அங்கிள்?"

"நம்பாம?"

"செஞ்ச பாவத்துக்கு வருத்தப்படுறீங்களா?"

இதற்கும் "வருத்தப்படாம?" என்று வரும் என எதிர்பார்த்து இங்கிலீஷில் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். பெரியவர் மங்கி கேப்பைக் கழற்றி மடியில் வைத்தார்.

"மில்லுல ஒரு பயல களவாணின்னு எழுதிக் குடுத்து வேலயவிட்டுத் தூக்கிட்டேன், தம்பி. அவன் எடுக்கல. பொறவுதான் தெரிஞ்சுது. தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கல. இந்தத் தண்ணியிலயாவது அது போவுமான்னு கேளு."

இருபத்திரண்டு கிணற்றிலும் போகாத ஒன்றை இந்த மனுஷன் கொண்டுவந்திருக்கிறார். நான் அதை அப்படியே, ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். இத்தனை வாரத்தில் முதல் தடவை. வட்டாரத் தலைவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அதற்குத்தான் இது" என்றான். அதையும் ஒழுங்காகச் சொன்னேன்.

அடுத்த கேள்வி காப்பி.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அவர் வீட்டில் குடித்திருந்தேன். வாயைத் திறந்தால் எனக்கே மணத்தது. "உடம்பப் பாத்துக்கணுமாம்" என்று தள்ளியிருக்கலாம், அவரும் தலையாட்டியிருப்பார், சனிக்கிழமை முடிந்திருக்கும், ஐடஹோவில் ஒரு அம்மா கேக் வெட்டியிருப்பாள். ஆனால் இவர் இப்போதுதான் மில்லுக் கதையை வெளியே எடுத்து வைத்திருக்கிறார். அதற்கு மேல் என் பொய்யைக் கொண்டுபோய் வைக்க எனக்கே கூசியது.

"அங்கிள், இதுல சேந்தா வேற சாமி கும்புடக் கூடாது. நான் சொல்லாம விட்டுட்டேன். காப்பியும் குடிக்கக் கூடாது."

"அன்னைக்கு ஒரு நாளா?"

"ஆயுசுக்கும்."

பெரியவர் என்னை, என் பெயர்ப்பட்டையை, திரும்ப என்னைப் பார்த்தார். "அப்ப எங்க வீட்டுல அஞ்சு வாரமா நீ குடிச்சது என்னது?"

நான் பெயர்ப்பட்டையைக் கையால் மூடினேன். அவர் சிரித்துவிட்டார். "கூட ஒரு சாமியச் சேத்துக்கிடச் சொல்லு, சேத்துக்கிடுதேன். இருக்க சாமிய விட முடியாது. காப்பிய அதுக்கு மேல விட முடியாது. போய் அப்படியே சொல்லுடே, மழுப்பாத."

மழுப்பாமல் சொன்னேன், என்னிடம் அவர் கேட்ட கேள்வியை மட்டும் விட்டுவிட்டு. வட்டாரத் தலைவன் ஃபைலை மூடினான்.

வராந்தாவில் நெட்டை எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். பெரியவர் எட்டி அவன் தோளில் தட்டினார். "வெள்ளச்சாமி, கோவிச்சுக்கிடாத. வீட்டுக்கு வா, காப்பி குடிப்போம்."

"என்ன சொல்றார்?" என்றான் நெட்டை.

"உனக்காக வேண்டிக்குவாராம்" என்றேன்.

அவன் தலையாட்டினான். அறைக்கு வந்ததும் வெள்ளை உடையை மடித்து எடுத்து வைத்தான். புதன்கிழமை, முட்டையோடு, ஊருக்குப் போனான்.

நான் பெரம்பூர் திரும்பிய பிறகு ஒரு நாள் அவனுக்கு எல்லாவற்றையும் மெயிலில் எழுதினேன். விழுங்கிய பாடங்கள், மால்ட், தீர்த்தம், வராந்தாவில் சொன்ன கடைசிப் பொய், நெட்டைக்கு உண்மையான அர்த்தம், எல்லாம். உன் ஒரே ஆளைக் கெடுத்தது நான்தான், திட்டணும்னா திட்டிக்கோ என்று முடித்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு வரி வந்தது.

"எங்க வீட்டுக்கு எதுத்தாப்லயே காப்பிக் கடைதான்டா, அந்த வாசனை மொத நாளே எனக்குத் தெரியும், எனக்கும் அந்தச் சனிக்கிழமை வேணும்னுதான் பேசாம இருந்தேன்."